வளைய மறுக்கும் லாங்போர்டு, வேகம் சேராத லாங்போர்டு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புதுச்சேரி தட்டையான ஊர். காந்தி சிலையடியில் நின்று எந்தத் திசையில் லாங்போர்டை, அதாவது நீளமான ஸ்கேட்போர்டுப் பலகையை, உருட்டிவிட்டாலும் அது தானாக ஓடிப்போக அங்கே சரிவு கிடையாது. மேடு வேண்டுமென்றால் லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கம் போக வேண்டும். கடலூர்க்காரர்கள் கேப்பர் மலை இருக்கிறதே என்பார்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அந்தச் சாலையில் பலகையில் இறங்கச் சொல்லும் அளவுக்கு எனக்கு யார் மீதும் கோபமில்லை. ஆகவே நம் கரையோர ஊர்களில் லாங்போர்டுக்கு இரண்டு வேலைகள்தான் மிச்சம். ஒன்று கார்விங்: உடலைச் சாய்த்து, சாலையின் அகலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு வளைந்து வளைந்து போவது. மற்றொன்று பம்பிங்: காலைத் தரையில் ஊன்றாமல் அந்த வளைவுகளைக் கொண்டே வேகம் சேர்ப்பது.

லாங்போர்டு என்ற பெயரில் விற்பனைக்கு வருபவற்றில் பல, மலைச்சாலையில் இறங்குவதற்கென்று அமைந்தவை. ஆடாமல் நேராக நிற்பதுதான் அவற்றின் பெருமை. சமதளத்தில் அந்தப் பெருமையே குறையாகிவிடும். வாங்கியவர் சில வாரம் மல்லுக்கட்டிவிட்டு, பலகை சரியில்லை என்று மூலையில் சாய்த்துவிடுவார். பெரும்பாலும் பலகை மீது குற்றமே இருக்காது. அதற்குக் கீழே, கட்டைவிரல் அளவில் இருக்கும் நான்கு யூரித்தேன் வளையங்களைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

கை வைக்கும் முன்

பலகைக்கு அடியில் முன்னும் பின்னும் ஒவ்வொரு ட்ரக் இருக்கும். பலகையோடு நான்கு போல்ட்டால் இறுக்கியிருப்பது பேஸ்பிளேட். அச்சைத் தாங்கிக்கொண்டு இருபுறமும் சாய்வது ஹேங்கர். இரண்டையும் இணைக்கும் தடித்த போல்ட்டுக்குக் கிங்பின் என்று பெயர். கிங்பின்னில் ஹேங்கருக்கு மேலொன்றும் கீழொன்றுமாக மாட்டியிருக்கும் வளையங்கள்தான் புஷிங். நீங்கள் சாயும்போது நசுங்கி, நிமிரும்போது உங்களை மீட்டுக்கொண்டு வருபவை அவை.

ஸ்பேனர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த நட்டுகள் எல்லாம் அங்குல அளவில் வருபவை. சக்கர நட்டு 1/2 அங்குலம், 13 மி.மீ. ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்தும். பலகை போல்ட்டின் நட்டு 3/8 அங்குலம், 10 மி.மீ. வைத்துச் சமாளிக்கலாம். கிங்பின் நட்டுதான் தொல்லை. அது 9/16 அங்குலம், அதாவது 14.3 மி.மீ. வீட்டில் இருக்கும் 14 உள்ளே போகாது. 15 நழுவி நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ஹார்டுவேர் கடையில் 9/16 என்றே கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு அதே சாலையில், அதே தூரம் ஓட்டிப் பாருங்கள். புஷிங், சக்கரம், ரைசர் (ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவே வைத்து உயர்த்தும் தகடு) எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு எது பலித்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. செலவு குறைந்ததிலிருந்து மேலே போவதே முறை: நட்டு, புஷிங், ரைசர், சக்கரம், ட்ரக், எல்லாவற்றுக்கும் பிறகு பலகை.

அறிகுறி: எவ்வளவு சாய்ந்தாலும் திரும்பவில்லை

முதலில் ட்ரக் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கவனியுங்கள். லாங்போர்டில் வழக்கமாக வரும் ரிவர்ஸ் கிங்பின் ட்ரக்கில், கிங்பின் நட்டு பலகையின் முனையை நோக்கி வெளிப்புறம் இருக்கும். சாதாரண ஸ்கேட்போர்டின் ட்ரக்கில் அது உட்புறம் பார்த்திருக்கும். கழற்றித் துடைத்துவிட்டு மாட்டும்போது ஒரு ட்ரக் முன்பின் மாறிப்போனால், நீங்கள் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அதன் அச்சு திரும்பும். பலகை வளையாமல் பக்கவாட்டில் நகரப் பார்க்கும். நான்கு போல்ட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால் தீர்ந்தது.

அது சரியாக இருந்தால் கிங்பின் நட்டைப் பாருங்கள். சரியான இறுக்கம் தெரிய ஓர் எளிய வழி உண்டு. நட்டைத் தளர்த்தி, வாஷரை விரலால் சுழற்ற முடிகிற நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வாஷர் சுழலாத இடம்வரை இறுக்குங்கள். அங்கிருந்து அரைச் சுற்று, மிஞ்சிப்போனால் ஒரு சுற்று. அதற்கு மேல் இறுக்கினால்தான் பலகை அடங்குகிறது என்றால், உங்களுக்குத் தேவை கடினமான புஷிங், கூடுதல் இறுக்கமல்ல. தளர்த்தித் தளர்த்தி நட்டின் நைலான் வளையத்தைத் தாண்டி மரை வெளியே தெரியாத நிலை வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் தளர்த்தினால் ஓட்டத்தில் நட்டு கழன்று விழும். மென்மையான புஷிங் வாங்க வேண்டிய இடம் அது.

சில்வர் பீச் பக்கம் ஓட்டிப் பழகும் கடலூர்க் கல்லூரி மாணவர் ஒருவர் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, ட்ரக்கையே மாற்றிவிடலாமா?" என்று கேட்டார். கிங்பின் நட்டுக்கு மேலே மூன்று மரை தெரிந்தது. கீழே புஷிங், வாஷரின் விளிம்பைத் தாண்டி உதடு பிதுங்கிய மாதிரி வெளியே வழிந்திருந்தது. நட்டைக் கழற்றி, புஷிங்கை எடுத்துத் தரையில் வைத்தால் அது நேராக நிற்கவில்லை. ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் பள்ளம், நடு ஓட்டையிலிருந்து விளிம்புவரை மயிரிழை போல ஒரு வெடிப்பு. பக்கத்தில் 93ஏ என்று அச்சிட்டிருந்தது. அவர் எடை 60 கிலோவுக்கும் கீழே. ஆடுகிறதே என்று பயந்து இறுக்கியிருக்கிறார், இறுக்கியதும் திரும்பவில்லை, ட்ரக் மீது பழி. 80ஏ புஷிங் ஒரு ஜோடி போட்டோம். அதே ட்ரக்கில்தான் இன்றும் ஓட்டுகிறார்.

அந்த 93ஏ, 80ஏ எல்லாம் கடினத்தன்மை அளவு. எண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. ட்ரக்கோடு வரும் புஷிங் பெரும்பாலும் 90ஐ ஒட்டியே இருக்கும். நடுத்தர எடைக்காரரை மனத்தில் வைத்துப் போடுவார்கள். கார்விங்குக்கு 60 கிலோவுக்குக் கீழே இருப்பவர் 78 முதல் 83 வரை, 60 முதல் 75 கிலோ வரை 83 முதல் 87, அதிலிருந்து 90 கிலோ வரை 87 முதல் 90, அதற்கும் மேல் 90ஐத் தாண்டி என்று தொடங்கலாம். கால் வலு, பயம், பழக்கம் எல்லாம் இதைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும்.

எண்ணுக்கு நிகராக வடிவமும் வேலை செய்யும். நேர்ச்சுவர் கொண்ட பேரல் புஷிங் சாய்வைத் தாங்கிப் பிடிக்கும். கீழ்நோக்கிக் குறுகும் கோன் புஷிங் சாயவிடும். பலகைப் பக்கம் பேரல், சாலைப் பக்கம் கோன் என்பது கார்விங்குக்குப் பழகிய சேர்க்கை. இரண்டும் பேரல் என்றால் வேகத்தில் நிதானம் கிடைக்கும், வளைவு சுருங்கும். இரண்டும் கோன் என்றால் பலகை எந்நேரமும் எந்தப் பக்கமும் சரியத் தயாராக நிற்கும். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வாஷரிலும் இரண்டு வகை உண்டு. கிண்ணம் மாதிரி விளிம்பு மடிந்தது புஷிங்கை அணைத்துப் பிடிக்கும், தட்டையானது விட்டுக்கொடுக்கும். புஷிங் வாங்கப் பணம் சேரும்வரை கிண்ண வாஷரை எடுத்துவிட்டுத் தட்டை வாஷர் போட்டுப் பாருங்கள். பைசாச் செலவில் கிடைக்கும் வித்தியாசம் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

இவ்வளவு செய்தும் வளையவில்லை என்றால் மட்டும் பேஸ்பிளேட்டின் கோணத்தைப் பாருங்கள். கார்விங்குக்கு 50 பாகை வேண்டும். பாரிஸ், கேலிபர் போன்ற பெயர்களில் வரும் பரவலான ட்ரக்குகளில் 50 பாகை கிடைக்கிறது. 40, 42, 44 என்று எழுதியிருந்தால் அது மலையிறங்கிகளின் ட்ரக். அதில் மென்மையான புஷிங் போட்டால் நன்றாகச் சாயும், ஆனால் சாய்வுக்கேற்ற திருப்பம் வராது. கோணம் குறைய, அதே சாய்வுக்குக் கிடைக்கும் திருப்பமும் குறையும்.

அறிகுறி: நன்றாக வளைகிறது, ஆனால் பம்பிங்கில் வேகம் சேரவில்லை

இதுதான் அதிகம் கேட்கப்படும் புகார், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பேரிங்கை மாற்று என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் சிறிதளவே உண்மை இருக்கிறது.

பம்பிங் நடப்பது ஊஞ்சல் ஆடுவது போலத்தான். யாரும் தள்ளாமலே, சரியான நேரத்தில் உடலைத் தாழ்த்தி உயர்த்துவதால் ஊஞ்சல் மேலே மேலே போகிறது. வளைவிலும் அப்படியே: நுழையும்போது முழங்கால் மடியும், வளைவின் உச்சியில் வெளிப்புறமாகத் தள்ளும் விசையை எதிர்த்துக் கால் நிமிரும். அந்த நிமிர்வில் நீங்கள் செய்யும் உழைப்பே முன்னோட்டமாக மாறுகிறது. இதற்கு மூன்று நிபந்தனைகள். முன் ட்ரக் சட்டென்று திரும்ப வேண்டும். பின் ட்ரக் அடங்கிப் பின்தொடர வேண்டும். சக்கரம் தரையை விடக் கூடாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் உழைப்பு வீண்.

பெரும்பாலான பலகைகளில் முன்னும் பின்னும் ஒரே ட்ரக், ஒரே கோணம், ஒரே புஷிங். கார்விங்குக்கு அது அழகு. பம்பிங்கில் பின் ட்ரக்கும் முன்னதைப் போலவே துள்ளித் திரும்புவதால் வால் அங்குமிங்கும் அலைந்து விசையைத் தின்றுவிடும். நெடுந்தூரம் பம்ப் செய்பவர்கள் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று வேறு வேறு ட்ரக் பூட்டுவார்கள். முன்னே பென்னட் வெக்டர், பின்னே டிராக்கர் என்பது அவர்களிடையே நெடுங்காலமாகப் பேர் பெற்ற ஜோடி. நமக்கு அவற்றைத் தேடி அலையும் அவசியமில்லை. ஆப்பு வடிவ ரைசர் இரண்டு போதும். ஆங்கிலப் பெயரிலேயே வெட்ஜ் என்று கேட்டால் கிடைக்கும்.

மாட்டும் திசை முக்கியம். முன் ட்ரக்கில் ஆப்பின் தடித்த பக்கம் பலகையின் நடுவை நோக்கி இருக்க வேண்டும். கோணம் கூடும், திருப்பம் கூர்மையாகும். பின் ட்ரக்கில் தடித்த பக்கம் வாலை நோக்கி இருக்க வேண்டும். கோணம் குறையும், பின்புறம் அடங்கும். 50 பாகை ட்ரக்கில் 10 பாகை ஆப்பு என்றால் முன்னே 60, பின்னே 40. இந்த இருபது பாகை வித்தியாசம் பலகையின் குணத்தையே மாற்றிவிடும். தலைகீழாக மாட்டினால் முன்புறம் மரத்துப்போய்ப் பின்புறம் துள்ளும். அப்படி ஒரு பலகையில் வேகம் எடுப்பது ஆபத்து. மாட்டி முடித்ததும் பலகை மீது நின்று, உருட்டாமல் அப்படியும் இப்படியும் சாய்ந்து பாருங்கள். முன் அச்சு நிறையத் திரும்பி, பின் அச்சு கொஞ்சமே திரும்பினால் சரி.

ஆப்பு வைத்தால் பழைய போல்ட் எட்டாது. ரைசர் இல்லாத பலகைக்கு 1 முதல் 1 1/4 அங்குல போல்ட் போதும். ஆப்புக்கு ஒன்றரை அங்குலமோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும். நட்டின் நைலானைத் தாண்டி ஒரு மரையாவது வெளியே தெரிய வேண்டும்.

ஆப்பு வாங்கும் வரை ஒரு கைவைத்தியம்: முன்புறம் மென்மையான புஷிங், பின்புறம் அதைவிட ஐந்தாறு எண் கடினமானது. கோணம் மாறாவிட்டாலும் வால் அலைவது குறையும்.

அடுத்து புஷிங்கின் துள்ளல். கையால் அழுத்தி விட்டால் உடனே எதிர்த்து எழும் புஷிங் பம்பிங்குக்கு வேண்டும். மெத்தென்று அமுங்கி மெதுவாக எழுவது வேண்டாம். மலிவான ட்ரக்குகளோடு வருபவை பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம். எண் ஒன்றாக இருந்தாலும் குணம் வேறு.

பலகையின் வளைவுத்தன்மையையும் பாருங்கள். நடுவில் நின்று லேசாகக் குதித்தால் அது எதிர்த்து உங்களைத் தூக்கிவிட வேண்டும். தொட்டில் மாதிரித் தொங்கினால், நீங்கள் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. லோடட் நிறுவனத்தின் வான்கார்டு போன்ற கார்விங் பலகைகள் ஓட்டுபவரின் எடைக்கேற்ப வெவ்வேறு வளைவுத்தன்மை எண்களில் வந்தது இதனால்தான். இரவல் பலகையில் பம்பிங் கற்கிறீர்கள் என்றால், உரிமையாளரின் எடையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் கால்கள். முன்கால் முன் ட்ரக்கின் போல்ட்டுக்குச் சற்றுப் பின்னே, முனையை நோக்கிப் பாதி திரும்பியபடி இருக்கட்டும். பின்கால் பின் போல்ட்டுக்கு மேலேயோ அதற்குச் சற்று முன்னேயோ இருக்கட்டும். தோளும் இடுப்பும் திருப்பத்தைத் தொடங்கிவைக்க வேண்டும், பாதம் பின்னால் வரட்டும். புதியவர்கள் வளைவை மிகப் பெரிதாகப் போடுகிறார்கள். பம்பிங்குக்குச் சிறிய, நெருக்கமான வளைவுகள் போதும். முதலில் ஓரிரு முறை காலால் தள்ளி ஓட்டம் பிடித்துவிட்டு, அது அடங்கும் முன் தொடங்குங்கள். நின்ற இடத்திலிருந்து பம்ப் செய்து கிளம்புவது பிறகு தானே வரும்.

செரினிட்டி கடற்கரையில் அலைச்சறுக்கு பழகுபவர்கள் சர்ஃப்ஸ்கேட் வாங்கலாமா என்று கேட்பதுண்டு. கார்வர் சி7 போன்றவற்றில் முன் ட்ரக் ஒரு சுருள்வில்லின் பிடியில் தனிக்கை போல வீசித் திரும்பும். அலையில்லாத நாளில் உடம்பைப் பழக்க அதற்கு இணை கிடையாது. நின்ற இடத்திலிருந்தே கிளம்பும். ஆனால் அது சிறிய இடத்தில் சுற்றிச் சுற்றி வருவதற்கானது. கடற்கரைச் சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் போக நினைப்பவருக்குக் கால் கடுத்துவிடும். வேகம் கூடினால் நிலையும் இல்லை.

அறிகுறி: ஆழமாகச் சாயும்போது பலகை திடீரென்று நின்று ஆளைத் தூக்கி எறிகிறது

இது வீல்பைட். சக்கரம் பலகையின் அடியைத் தொட்டுப் பிரேக் போட்டுவிட்டது. பலகையைக் கவிழ்த்துப் பாருங்கள்: சக்கரத்துக்கு நேர் மேலே பிறை வடிவில், பளபளப்பாகத் தேய்ந்த கருந்தடம் தெரியும். ஒரு மூலையில் மட்டும் தெரிந்தால் அந்தப் பக்கம் அதிகம் சாய்கிறீர்கள் என்று பொருள். முன் ட்ரக்கில்தான் பெரும்பாலும் வரும்.

ட்ரக்கை இறுக்கித் தப்பிப்பது எல்லோரும் செய்வது. தப்பலாம், ஆனால் கார்விங் போய்விடும். ரைசர் வையுங்கள். 70 மி.மீ. சக்கரம், பலகைக்கு நேரடியாகக் கீழே பூட்டிய ட்ரக் என்றால் 1/8 அங்குலத்தில் தொடங்குங்கள், 75 மி.மீ.க்கு 1/4 அங்குலம் தேவைப்படும். அதற்கு மேல் உயர்த்தினால் தரையிலிருந்து கால் எட்டி நிற்கும், தள்ளி ஓட்டச் சிரமம். வீட்டில் அரம் இருந்தால், தடம் பட்ட இடத்தில் இரண்டு மூன்று மி.மீ. ஆழத்துக்குக் குழி தேய்த்து, ஈரம் இறங்காமல் வார்னிஷ் பூசுங்கள். கனமான மேப்பிள் பலகையில் செய்யலாம். மெல்லிய மூங்கில் பலகையில் கை வைக்காதீர்கள்.

சக்கரம் வரும் இடத்தில் பலகையை வெட்டி ஒதுக்கியிருக்கும் வடிவங்களும் உண்டு. அவற்றில் வீல்பைட் வர வழியே இல்லை. ட்ரக்கைப் பலகையின் ஓட்டை வழியே நுழைத்துப் பூட்டும் டிராப்-துரூ வகை பெரும்பாலும் இப்படித்தான் வரும். தாழ்வாக இருப்பதால் தள்ளி ஓட்டச் சுகம். ஆனால் உயரத்தில் நிற்பவருக்குக் கிடைக்கும் நெம்பு பலம் தாழ்வில் நிற்பவருக்குக் கிடைக்காது. பம்பிங்கே முதல் நோக்கம் என்றால் ட்ரக்கை நேரடியாகக் கீழே பூட்டும் பலகையைத்தான் நான் எடுப்பேன். வீல்பைட்டை ரைசர் பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: வளைவில் சக்கரம் வழுக்குகிறது

முதலில் சாலையைப் பாருங்கள். கடற்காற்று அடித்த மறுநாள் காலையில் கடற்கரைச் சாலையின் கிழக்கு ஓரத்தில் மெல்லிய மணல் படிந்திருக்கும். நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் மினுங்கும். எந்தச் சக்கரமும் அதில் பிடிக்காது. சாலையின் நடுப்பகுதிக்கு வாருங்கள். மாலையிலிருந்து மறுநாள் காலை வரை அங்கே வாகனங்களுக்குத் தடை இருப்பதால் விடிந்தும் விடியாத நேரமே நமக்கு வசதி. மாலையில் குழந்தைகளும் பலூன்காரர்களும் நிறைந்த கூட்டத்தில் கார்விங் செய்வது அடாவடி. மழைக்காலத்தில் வேகத்தடை, பாதசாரிக் கோடு இவற்றின் வெள்ளைப் பெயின்ட் மீது சாயவே சாயாதீர்கள்.

சாலை சுத்தமாக இருந்தும் வழுக்கினால் சக்கரம். கார்விங்குக்கும் பம்பிங்குக்கும் 70 முதல் 80 மி.மீ. விட்டம், 75ஏ முதல் 80ஏ வரை கடினம், கூரான விளிம்பு வேண்டும். உருண்டை விளிம்பு கொண்டவை வேண்டுமென்றே சறுக்குபவர்களுக்கானவை. பார்க்க அழகாக இருப்பதால் இவற்றைத்தான் பலரும் வாங்கிவிடுகிறார்கள். கூரான விளிம்பு இருந்து தேய்ந்து உருண்டுவிட்டதா என்பதை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்க வேண்டும்.

நம் சாலைகளில் ஜல்லி எழும்பி நிற்கும் இடம் அதிகம். அங்கே சிறிய, கடினமான சக்கரம் அதிர்ந்து அதிர்ந்து ஒவ்வொரு கணமும் தரையை விடும். ஓட்டுபவர் அதை வழுக்கல் என்று உணர்வார். பெரிய, மென்மையான சக்கரம் அந்த ஜல்லியை விழுங்கிவிடும். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற அமெரிக்கர் யூரித்தேன் சக்கரத்தை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவரும் வரை, களிமண் கலவைச் சக்கரங்களில்தான் ஓட்டினார்கள். சிறு கல் ஒன்று தட்டினாலே ஆள் தரையில். நாம் அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்.

அறிகுறி: வேகம் எடுத்ததும் பலகை நடுங்குகிறது

எடை பின்காலில் இருக்கிறது என்று அர்த்தம்; பயந்தவர் பின்னால் சாய்வது இயல்பு. முன்காலுக்கு எடையைக் கொண்டுவாருங்கள், முழங்காலை மடியுங்கள், வளைவைக் குறையுங்கள். அப்படியும் நடுங்கினால் பின் புஷிங்கை ஒரு படி கடினமாக்குங்கள். முன்புறத்தைத் தொட வேண்டாம். கோரிமேட்டுச் சரிவுக்குப் பம்பிங் பலகையை எடுத்துக்கொண்டு போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போய்த்தான் தீருவேன் என்பவர் ஆப்பைக் கழற்றிவிட்டு, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு போகட்டும்.

அறிகுறி: சாயும்போதெல்லாம் கீச்சென்று கத்துகிறது

ஹேங்கரின் முனை உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணம் காய்ந்திருக்கும், அல்லது புஷிங் உலோகத்தில் உராயும். குளியல் சோப்பைச் சீவி அந்தக் கிண்ணத்திலும் புஷிங்கின் மேற்பரப்பிலும் தடவுங்கள். எண்ணெய் வேண்டாம். கிண்ணம் உடைந்து ஹேங்கர் ஆடினால் புதிது போடுங்கள்.

அறிகுறி: சக்கரம் கரகரக்கிறது, சீக்கிரம் நின்றுவிடுகிறது

கடலோரத்தில் பேரிங்குக்கு ஆயுள் குறைவு. உப்புக் காற்று ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம், கோரிமேடு, காலாப்பட்டு பக்கம் போனால் மாவு போன்ற செம்மண். சக்கரத்தைக் காதருகே வைத்துச் சுழற்றுங்கள். உலர்ந்த கரகரப்பு என்றால் மண். விட்டுவிட்டுத் தடுக்கினால் துரு. மூடியைக் கழற்றினால் உள்ளே காவி நிறத் தூள் இருக்கும்.

ஆனால் அதற்கு முன் சக்கர நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். பேரிங் இரண்டுக்கும் நடுவே ஸ்பேசர் என்னும் சிறு குழாய் இல்லாமல் நட்டை இறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நசுங்கிச் சுழல மறுக்கும். நட்டை இறுக்கிவிட்டுக் கால் சுற்று பின்னுக்கு விடுங்கள். சக்கரம் மயிரிழை அளவு ஆடலாம். பேரிங்கின் இருபுறமும் இருக்கும் சிறு வாஷர்களைக் கழற்றும்போது தொலைத்துவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் சக்கரம் ஹேங்கரில் உராயும்.

மண் என்றால் சுத்தம் செய்யலாம். சக்கரத்தை அச்சின் நுனியில் பாதி மாட்டி நெம்பினால் பேரிங் கழன்று வரும். மூடியை ஊசியால் தூக்கி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குலுக்கி அலசி, விசிறிக் காற்றில் முழுக்கக் காயவிடுங்கள். தின்னர் வேண்டாம், ரப்பர் மூடியையும் உள்ளே இருக்கும் நைலான் கூட்டையும் அது கெடுத்துவிடும். காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் இருக்கிறார்கள். முதல் நாள் வழவழவென்று ஓடும், பிறகு பிசுபிசுத்து ஊரிலுள்ள மண்ணையெல்லாம் உள்ளே சேர்த்துவைக்கும். டபிள்யூடி-40 அடிப்பவர்களுக்கும் இதே பதில்தான்: அது இருக்கும் மசகையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

துரு ஏறியதைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. ஸ்கேட்போர்டு பேரிங் 608 என்னும் அளவு: உள் விட்டம் 8, வெளி விட்டம் 22, அகலம் 7 மி.மீ. மோட்டார் பழுது பார்ப்பவர்களுக்கு நன்கு தெரிந்த அளவு. பேரிங் கடையில் எண்ணைச் சொன்னாலே எடுத்துவைப்பார்கள். இசட்இசட் என்றால் இரும்பு மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. நமக்கு ரப்பர் மூடி. எண்ணெய்க்குப் பதில் லித்தியம் கிரீஸ் போட்டால் சுழற்சி சற்று மந்தமாகும், உப்பு உள்ளே போகாது. கடலிலிருந்து நூறு மீட்டரில் ஓட்டுபவருக்கு இது லாபகரமான பேரம். பேரிங் உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும், துல்லியத்தைக் குறிக்கும் ஏபெக் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பம்பிங் வேகத்தில் 3க்கும் 9க்கும் வித்தியாசம் தெரியாது. செராமிக் பேரிங்கிலும் உருண்டை மட்டுமே பெரும்பாலும் செராமிக். சுற்றியுள்ள வளையம் எஃகு, அது துருப்பிடிக்கத்தான் செய்யும்.

அறிகுறி: கைவிட்டால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது

சாலையே ஓரத்துக்குச் சரிந்திருக்கலாம். திரும்பி எதிர்த்திசையில் ஓட்டிப் பாருங்கள். இழுக்கும் பக்கம் மாறினால் குற்றம் சாலையுடையது. மாறாவிட்டால் புஷிங் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். கழற்றி அரை வட்டம் திருப்பி மாட்டுங்கள். சக்கரம் கூம்பாகத் தேய்ந்திருந்தால் இடம் மாற்றி, உட்பக்கத்தை வெளிப்பக்கமாக்குங்கள். எதற்கும் மசியாவிட்டால் அச்சு வளைந்திருக்கிறது. சமமான கண்ணாடித் துண்டின் மேல் ட்ரக்கின் அச்சை வைத்து உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நெம்பி நிமிர்த்தாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரி, இன்னும் உயிரில்லாமல் இருக்கிறது

இப்போது பலகையைச் சந்தேகிக்கலாம். ஓரத்தை வரிசையாகப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். மர அடுக்குகள் பிரிந்த இடத்தில் டொக்கென்று ஒரு வெற்றொலி கேட்கும், மெல்லிய கோடு திறந்து மூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த பலகைகளுக்கு இது வரும். சிறு பிளவு என்றால் மரப்பசையைப் பிளேடால் உள்ளே தள்ளி, இரும்புப் பிடியில் ஒரு நாள் இறுக்கி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். போல்ட் ஓட்டைகளைச் சுற்றிப் பிளந்திருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டாம்.

புதுப் பலகை வாங்கும் நிலை வந்தால், நம் ஊருக்கு நான் தேடுவது இது: 36 முதல் 40 அங்குல நீளம், இரு ட்ரக்கின் உட்புறப் போல்ட்டுகளுக்கு நடுவே 60 முதல் 70 செ.மீ., நடுவில் லேசாக மேலெழும்பிய உடல், என் எடைக்கு எதிர்த்து எழும் வளைவுத்தன்மை, பலகைக்கு நேரடியாகக் கீழே பூட்டும் ட்ரக். ட்ரக்கும் சக்கரமும் பழைய பலகையிலிருந்து இறங்கி ஏறிக்கொள்ளும், ஆகவே வெறும் பலகையாகவே கேளுங்கள். மழைக்காலத்தில் சுவரில் சாய்த்து வைக்காமல் இரண்டு ஆணி அடித்துக் கிடையாக மாட்டுங்கள். தரையோடு ஒட்டி நிற்கும் முனைதான் முதலில் ஈரம் குடித்துப் பிரியும்.